மக்காச்சோளத் தீவனமும் லிக்னினும்: பழுப்பு நடுநரம்பு மரபணுக்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறவை மாடு வளர்ப்பவர்கள், வேளாண் மாணவர்கள், தீவன ரகம் தேடுபவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. மரபியல் பகுதி கொஞ்சம் நீளம்தான். ஆனால் அது புரிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும்.

லிக்னின் என்றால் என்ன? மாட்டுத் தீவனத்தில் அதைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். ஒடியாமல் வளைந்தால் முற்றல் என்று வைத்துவிடுகிறோம். அந்த நாரைக் கடினமாக்கும் பொருள்களில் முக்கியமானது லிக்னின். மக்காச்சோளத் தட்டையிலும் நடப்பது அதுவேதான்.

செடியின் செல்சுவரில் மூன்று பெரிய பொருள்கள் உண்டு: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அவற்றை உடைத்து, மாட்டுக்கு ஆற்றலாகக் கொடுக்கின்றன. லிக்னின் சர்க்கரை அல்ல. வளைய அமைப்பு கொண்ட மூலக்கூறுகள் தாறுமாறாகக் கோத்துக்கொண்ட பொருள். அதை உடைக்க ஆக்சிஜன் வேண்டும். மரத்தைத் தின்னும் வெள்ளை அழுகல் பூஞ்சைகளால் அது முடிகிறது. மாட்டின் முதல் இரைப்பையிலோ ஆக்சிஜன் இல்லாத சூழல்.

லிக்னின் தான் செரிக்காமல் போவதோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளையும் மூடிக்கொண்டு, நுண்ணுயிரிகளை நெருங்கவிடாமல் செய்துவிடுகிறது. உண்மையான நஷ்டம் இதில்தான்.

அப்படியானால் லிக்னின் இல்லாத மக்காச்சோளத்தை உருவாக்கிவிடலாமே?

முடியாது. வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் குழாய்கள் உள்ளே இழுக்கும் அழுத்தத்தில் நசுங்காமல் இருப்பது லிக்னினால்தான். தண்டு காற்றில் நிற்பதற்கும், பூஞ்சையும் தண்டுத்துளைப்பானும் எளிதில் நுழையாமல் இருப்பதற்கும் அது உதவுகிறது. எவ்வளவு குறைக்கலாம், எந்த வகையில் குறைக்கலாம் என்பதுதான் ஆராய்ச்சியின் கேள்வி.

தீவனத்தில் லிக்னின் எவ்வளவு இருக்கும்? எப்படி அளக்கிறார்கள்?

முழுச் செடியையும் வெட்டிப் போட்ட மக்காச்சோள சைலேஜில் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமிக்கும் தீவனம்), உலர் எடையில் மொத்த நார் சுமார் 40 முதல் 50 சதவீதம். அதே உலர் எடையில் லிக்னின் மட்டும் 2 முதல் 4 சதவீதம். எண்ணைப் பார்த்தால் சின்னதுதான், விளைவு பெரிது.

அமெரிக்காவில் பீட்டர் வான் சூஸ்ட் 1960களில் உருவாக்கிய டிடர்ஜென்ட் முறைதான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் பயன்படுகிறது. அறிக்கையில் என்.டி.எஃப் என்று இருந்தால் அது மொத்தச் செல்சுவர் நார், ஏ.டி.எல் என்று இருந்தால் லிக்னின். ஒன்றைக் கவனிக்க வேண்டும். புல்லினப் பயிர்களில் லிக்னினின் ஒரு பகுதி அமில டிடர்ஜென்ட்டில் கரைந்து போய்விடும். கிளாசன் என்ற இன்னொரு முறையில் அளந்தால் அதே மாதிரிக்கு நல்ல வித்தியாசத்தோடு கூடுதலான எண் வரும். அதனால் ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொரு முறையில் வந்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

மாட்டுக்காரருக்கு இவற்றைவிடப் பயனுள்ள எண் ஒன்று உண்டு. இரைப்பை நீரில் 30 மணி நேரம் ஊறவைத்தால் நாரில் எத்தனை சதவீதம் செரிக்கிறது என்பதே அது. இதை நார்ச் செரிமான விகிதம் என்று வைத்துக்கொள்வோம்.

பழுப்பு நடுநரம்பு மக்காச்சோளம் என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

1924ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், செயின்ட் பால் பல்கலைக்கழகப் பண்ணையில் நார்த்வெஸ்டர்ன் டென்ட் என்ற ரகத்தைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தபோது வித்தியாசமான செடிகள் கிடைத்தன. இலையின் நடுநரம்பு வெள்ளையாக இல்லாமல் செம்பழுப்பாக இருந்தது. ஜார்கென்சன் என்ற ஆய்வாளர் 1931ல் இதை விரிவாக எழுதினார். அடுத்தடுத்து 1932, 1935, 1947 ஆகிய ஆண்டுகளில் இதே தோற்றம் தரும் வேறு மூன்று மரபணுக்கள் பதிவாயின. பிரவுன் மிட்ரிப் என்பதைச் சுருக்கி பி.எம்.1 முதல் பி.எம்.4 வரை பெயர் வைத்தார்கள். பி.எம்.5, பி.எம்.6 இரண்டும் இந்த நூற்றாண்டில் சேர்ந்தவை.

முதல் நாற்பது ஆண்டுகள் இது வெறும் நிற அடையாளமாகவே இருந்தது. குரோமோசோமில் எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடப் பயன்பட்டது. இந்தச் செடிகளின் லிக்னின் மாறியிருப்பதை 1964ல் குச், நெல்சன் இருவரும் காட்டிய பிறகுதான் கால்நடைத் துறையினர் திரும்பிப் பார்த்தார்கள். 1970களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் தீவனச் சோதனைகள் நடந்தன. விற்பனைக்கு வீரிய ஒட்டு ரகங்கள் வந்தது 1990களில்.

ஆறு மரபணுக்களும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா?

இல்லை. இந்த விஷயத்தில் அழகான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

செடி லிக்னினைச் செய்யத் தொடங்குவது ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து. மக்காச்சோளம் போன்ற புல்லினங்கள் டைரோசினையும் பயன்படுத்தும். பல நொதிகள் வரிசையாக வேலை செய்து, கடைசியில் கூமரைல், கோனிஃபெரைல், சினாபைல் என்று மூன்று ஆல்கஹால்களை உருவாக்குகின்றன. இவை செல்சுவருக்குள் போய் ஒன்றோடொன்று பிணைந்தால் லிக்னின். மூன்றுக்கும் முக்கிய வித்தியாசம் வளையத்தில் எத்தனை மெத்தாக்ஸில் குழுக்கள் (ஆக்சிஜனோடு சேர்ந்த மெத்தில் குழுக்கள்) இருக்கின்றன என்பதுதான்: கூமரைலில் இல்லை, கோனிஃபெரைலில் ஒன்று, சினாபைலில் இரண்டு.

பி.எம்.5 இந்தப் பாதையின் தொடக்கத்துக்கு அருகில் இருக்கும் கூமரேட் கோ-ஏ லைகேஸ் என்ற நொதிக்கான மரபணு. பி.எம்.1 பாதையின் கடைசிப் படியில் இருக்கிறது. ஆல்டிஹைடை ஆல்கஹாலாக மாற்றும் சினமைல் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி இதில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அப்போது ஆல்டிஹைடுகளே லிக்னினுக்குள் போய்ச் சேர்கின்றன. செம்பழுப்பு நிறம் வருவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. பி.எம்.3 நடுவில் இருக்கிறது. சினாபைலுக்கு வேண்டிய இரண்டாவது மெத்தில் குழுவை ஒட்டவைக்கும் சி.ஓ.எம்.டி என்ற நொதிக்கான மரபணு அது. 1995ல் இது உறுதியானது.

மீதி மூன்றும்? இவை லிக்னின் பாதையிலேயே இல்லை. பி.எம்.2 எதைச் செய்கிறது என்பது 2014ல்தான் தெரியவந்தது. அது ஃபோலேட் சுழற்சியில் வேலை செய்யும் எம்.டி.எச்.எஃப்.ஆர் என்ற நொதி. 2015ல் பி.எம்.4 ஃபோலேட்டுக்கு குளூட்டமேட் வால் சேர்க்கும் நொதி என்று தெரிந்தது. பி.எம்.6 ஃபோலேட்டைத் தயாரிக்கும் பாதையின் முதல் நொதி. ஃபோலேட் என்றால் கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகத் தரும் ஃபோலிக் அமிலத்தின் குடும்பம்தான். மெத்தில் குழுக்களைச் செல்லுக்குள் வழங்குவதில் அதற்குப் பெரிய பங்கு. லிக்னின் செய்யும் செடிக்கு மெத்தில் குழுக்கள் ஏராளமாக வேண்டும். அந்த வரத்து குறைந்தால் தயாரிப்பும் குறைகிறது.

ஆக, ஆறில் நான்கு மரபணுக்கள் மெத்தில் குழுவை ஒட்டுவதையோ வழங்குவதையோ சார்ந்தவை. நிறத்தை மட்டும் பார்த்துத் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்த செடிகள் இப்படி ஒரே இடத்தில் வந்து கூடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

தீவன ரகங்களில் பி.எம்.3 பெயரே அதிகம் அடிபடுவது ஏன்?

செரிமானத்தைப் பெரிய அளவில் கூட்டுவது அதுதான் என்பதால். பி.எம்.3 செடியில் லிக்னின் பொதுவாக 25 முதல் 40 சதவீதம் குறைகிறது. லிக்னினின் கலவையும் மாறிவிடுகிறது. பி.எம்.1 ரகங்களும் சந்தையில் உண்டு. ஆனால் மாட்டுச் சோதனைகளின் தரவு மிக அதிகமாக இருப்பது பி.எம்.3க்குத்தான்.

பால் உண்மையில் கூடுகிறதா?

கூடுகிறது. ஆனால் எந்த மாட்டில், எவ்வளவு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒபாவும் ஆலனும் 1999ல் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.3 சைலேஜில் நார்ச் செரிமான விகிதம் சாதாரண சைலேஜைவிட 9.7 புள்ளிகள் அதிகம். அதைத் தின்ற மாடுகள் நாளுக்கு 2.1 கிலோ உலர் தீவனம் கூடுதலாகத் தின்று, 2.8 கிலோ கூடுதலாகப் பால் கொடுத்தன. சோதனைக்கு முன்பே அதிகம் கறந்த மாடுகளில்தான் பலன் அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது: பால் கூடியதற்கு முக்கியக் காரணம், மாடு அதிகம் தின்றது. நார் சீக்கிரம் உடைந்து வெளியேறுவதால் இரைப்பையில் இடம் காலியாகிறது. ஆனால் வேகமாக வெளியேறும் தீவனம் இரைப்பையில் தங்கும் நேரமும் குறைவு. அதனால் ஆய்வகத்தில் தெரியும் 10 புள்ளி வித்தியாசம் மாட்டின் உடலுக்குள் அப்படியே கிடைக்காது.

அந்த மாடுகள் நாளுக்கு 40 கிலோ அளவில் கறந்த ஹோல்ஸ்டீன் மாடுகள். 8 லிட்டர், 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு இதே கணக்கைப் போட்டு யாராவது விதை விற்றால் நம்ப வேண்டாம்.

இதற்கு விலை என்ன?

விளைச்சல் இழப்பும் சாயும் ஆபத்தும். தொடக்ககால ரகங்களில் தானியம், தட்டை இரண்டிலும் 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது. பின்னால் வந்த ரகங்களில் இடைவெளி சுருங்கியிருக்கிறது, ஆனால் மறைந்துவிடவில்லை. தண்டு வலுக் குறைவதால் அறுவடை தள்ளிப்போனால் காற்றில் சாயும். சைலேஜுக்கு ஈரமாக இருக்கும்போதே வெட்டிவிடுவதால் சமாளிக்க முடிகிறது. தானியத்துக்காகக் காயவிடும் வயலுக்கு இது பொருந்தாது.

அமெரிக்கப் பண்ணைகளில் பலர் இதை எல்லா மாட்டுக்கும் போடுவதில்லை. கன்று ஈன்று முதல் சில வாரங்களில் இருக்கும் மாடுகளுக்கும் அதிகம் கறக்கும் மாடுகளுக்கும் தனிக் குழியில் வைக்கிறார்கள். வற்றிய மாட்டுக்கும் கிடாரிக்கும் சாதாரண சைலேஜே போதும்.

லிக்னின் அளவு குறைந்தால் போதுமா?

போதாது. ஒரே லிக்னின் அளவுள்ள இரண்டு மக்காச்சோளங்களின் செரிமானம் வேறாக இருக்கலாம்.

புல்லினங்களில் ஃபெரூலிக் அமிலம் என்ற சிறு மூலக்கூறு ஹெமிசெல்லுலோஸ் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் மறுமுனை லிக்னினோடு பிணைந்துவிட்டால் இரண்டும் பூட்டிக்கொள்கின்றன. இந்தப் பிணைப்புகள் எத்தனை என்பதும், எந்தத் திசுவில் லிக்னின் படிந்திருக்கிறது என்பதும் முக்கியம். தண்டின் வெளித்தோல் கெட்டியாகவும் உள்சோறு மிருதுவாகவும் இருக்கும் செடி நிமிர்ந்தும் நிற்கும், செரிக்கவும் செய்யும். என் கணிப்பில், அடுத்த பெரிய முன்னேற்றம் மொத்த அளவைக் குறைப்பதிலிருந்து வராது. லிக்னின் எங்கே படிய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதிலிருந்துதான் வரும்.

பழுப்பு நடுநரம்பு இல்லாத சாதாரண மக்காச்சோளத்திலும் மரபு வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. இதில் பிரான்ஸ் நாட்டின் அனுபவம் பாடமாக இருக்கிறது. லூசிஞான் ஊரில் உள்ள தேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பாரியேரும் அவர் குழுவும் பல பத்தாண்டுகளின் ரகங்களை ஒப்பிட்டார்கள். விளைச்சலுக்காகவும் சாயாமைக்காகவும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனதில், ரகங்களின் நார்ச் செரிமானம் படிப்படியாகக் குறைந்திருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. செரிமானத்தை அளக்காமல் விட்டதன் விளைவு. 1998 முதல் அங்கே தீவன மக்காச்சோள ரகத்தைப் பதிவு செய்யத் தீவன மதிப்பும் பார்க்கப்படுகிறது. எஃப்.4 போன்ற பழைய தூய வரிசைகள், நவீன ரகங்களில் தொலைந்துபோன நல்ல செரிமானத்தை இன்னும் வைத்திருக்கின்றன.

சாதாரண ரகங்களில் இந்தப் பண்பு ஒரு மரபணுவால் வருவதில்லை. பத்துக் குரோமோசோம்களிலும் சிறு சிறு பங்களிப்பு தரும் பகுதிகள் இருக்கின்றன; ஆறாவது குரோமோசோமில் ஒரு பகுதி பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தது. லிக்னின் மரபணுக்களை அடக்கிவைக்கும் எம்.ஒய்.பி.31, எம்.ஒய்.பி.42 என்ற கட்டுப்பாட்டு மரபணுக்களும் அறியப்பட்டவை. பாக்ஸ்3 என்ற, பெராக்சிடேஸ் நொதிக்கான மரபணுவின் நடுவே ஒரு தாவும் டி.என்.ஏ துண்டு நுழைந்திருக்கும் செடிகளில் செரிமானம் கூடுதலாக இருப்பதும் காணப்பட்டது. இப்படிப்பட்ட சின்ன வித்தியாசங்களைச் சேர்த்துக்கொண்டே போனால், விளைச்சலை அதிகம் இழக்காமல் முன்னேற வழி இருக்கிறது.

இவை மரபணு மாற்றுப் பயிர்களா?

பி.எம்.1 முதலிய பழைய வகைகள் இயற்கையாகத் தோன்றிய திடீர் மாற்றங்கள். சாதாரண ஒட்டு முறையில்தான் ரகங்களுக்குள் கொண்டுவரப்பட்டன. வெளி உயிரின் மரபணு எதுவும் இல்லை. ஆனால் விற்கப்படும் ஒரு குறிப்பிட்ட ரகத்தில், களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு போன்றவை தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். அது வேறு விஷயம்.

மரபணுத் தொழில்நுட்பத்தால் லிக்னினைக் குறைத்த தீவனப் பயிருக்கு உதாரணம் குதிரைமசால். அமெரிக்காவில் அதற்கு 2014ல் அனுமதி கிடைத்தது.

பி.டி. மக்காச்சோளத்தில் லிக்னின் அதிகம் என்று படித்தேன். உண்மையா?

பி.டி. என்பது பூச்சியை எதிர்க்க ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த மக்காச்சோளம். 2001ல் அப்படிச் சொன்ன ஓர் ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. 2004ல் மினசோட்டாவில் யுங், ஷேஃபர் இருவரும் பி.டி. ரகங்களையும் இணையான சாதாரண ரகங்களையும் வளர்த்து அளந்தபோது லிக்னினிலோ செரிமானத்திலோ அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை.

வயலில் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நான்கு முதல் ஆறு இலை வந்ததும் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி நடுநரம்பைப் பாருங்கள். செம்பழுப்பாக இருக்கும். செடி முற்ற முற்ற இலையில் நிறம் மங்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தெரியும். மணிச்சத்துக் குறைவில் இலை ஓரம் ஊதாவாக மாறுவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பக்கத்து வயல் மகரந்தம் விழுந்தால் தரம் கெடுமா? விதை எடுத்து வைக்கலாமா?

பி.எம்.3 ஒடுங்கிய பண்பு. தாய், தந்தை இரண்டிலிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெளிப்படும். அதனால்தான் ஒட்டு ரகத்தின் இரண்டு பெற்றோரிலும் அதை ஏற்ற வேண்டியிருக்கிறது. ரகம் உருவாக்குவது கடினமாகவும் விதை விலை கூடுதலாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பக்கத்து வயலின் மகரந்தம் மணியை மட்டுமே பாதிக்கும். உங்கள் வயலில் நிற்கும் தண்டும் இலையும் ஏற்கெனவே உருவானவை, அவற்றின் லிக்னின் மாறாது. ஆனால் அந்த மணியை விதையாக எடுத்தால் கதை வேறு. வெளி மகரந்தம் விழுந்த விதையிலிருந்து வரும் செடியில் நடுநரம்பு வெள்ளையாகத்தான் இருக்கும். வெளி மகரந்தம் விழாவிட்டாலும் ஒட்டு வீரியம் அடுத்த தலைமுறையில் இறங்கிவிடும். சரி, சுருக்கமாகச் சொன்னால் விதை எடுக்க வேண்டாம்.

சோளத்திலும் இதே பண்பு உண்டாமே?

உண்டு. பர்டூவில் சோள விதைகளில் வேதிப்பொருளால் திடீர் மாற்றங்களைத் தூண்டி, பழுப்பு நடுநரம்புள்ள செடிகளைப் பிரித்தெடுத்து 1978ல் வெளியிட்டார்கள். சோளத்தின் பி.எம்.ஆர்.6 மக்காச்சோளத்தின் பி.எம்.1க்கு இணை, பி.எம்.ஆர்.12 பி.எம்.3க்கு இணை. கம்பிலும் இப்பண்பு கண்டறியப்பட்டிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. லிக்னின் குறைந்த சோளம் என்றாலும் இளம்பயிரிலும் வறட்சியில் வாடிய பயிரிலும் இருக்கும் சயனைடு நஞ்சு அதனால் போய்விடாது. மக்காச்சோளத்தில் அந்தப் பயம் இல்லை.

தமிழ்நாட்டில் ஆப்பிரிக்கன் டால் போடுகிறோம். பழுப்பு நடுநரம்பு ரகம் இல்லாமலே தரத்தைக் கூட்ட முடியுமா?

முடியும். பெரும்பாலும் வெட்டும் நேரம்தான் தீர்மானிக்கிறது.

பசுந்தீவனமாகப் போடுவதென்றால் பூக்கும் பருவத்தை ஒட்டி, சுமார் 60 முதல் 70 நாளில் வெட்டுவது வழக்கம். அதற்குப் பிறகு தண்டில் லிக்னின் ஏறிக்கொண்டே போகும். ஆனால் சைலேஜுக்கு இந்தக் கணக்கு மாறும். கதிரில் மணி நிரம்ப நிரம்ப மாவுச்சத்து சேர்கிறது. தண்டு இழப்பதை மணி ஈடுகட்டுகிறது. அதனால் மணியில் பால்கோடு (இறுகிய மாவுக்கும் பாலாக இருக்கும் பகுதிக்கும் நடுவே தெரியும் கோடு) பாதி இறங்கி, முழுச் செடியில் உலர் பொருள் 32 முதல் 35 சதவீதம் இருக்கும்போது வெட்டுவது நல்லது. கதிரே பிடிக்காத அளவுக்கு அடர்த்தியாக விதைத்துவிட்டு, முற்றிய பிறகு சைலேஜ் போட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்: தண்டும் முற்றல், மணியும் இல்லை.

வெப்பம் கூடினால் லிக்னின் படிவது வேகமெடுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் வளரும் பயிரை நாள்கணக்கை மட்டும் நம்பி விடாமல், செடியைப் பார்த்து வெட்டுங்கள். தீவனம் மிச்சமாக இருக்கும் பண்ணையில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் செரிமானம் கொஞ்சம் கூடும், எடை குறையும். நைட்ரேட் அதிகம் தங்குவதும் அந்த அடித்தண்டில்தான்.

கட்டாக விற்கும் சைலேஜ் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

கிலோ விலையோடு நிறுத்தாதீர்கள். உலர் பொருள் சதவீதம், மொத்த நார், மாவுச்சத்து, 30 மணி நேர நார்ச் செரிமான விகிதம் நான்கையும் கேளுங்கள்.

ஒரு கணக்கு. இரண்டு சைலேஜிலும் உலர் பொருளில் 45 சதவீதம் நார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் செரிமான விகிதம் 50, மற்றதில் 60. நூறு கிலோ உலர் பொருளுக்கு முதலாவதில் 22.5 கிலோ நார் செரிக்கும். இரண்டாவதில் 27 கிலோ. ஒரே எடை, ஒரே பச்சை நிறம், ஆனால் நாரிலிருந்து மட்டும் 4.5 கிலோ வித்தியாசம். விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள். ஈரம் 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சைலேஜ் கட்டுக்கு, அறிக்கையில் மற்ற எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தண்ணீரின் எடைக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பதாகவே கணக்கிட வேண்டும்.